ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் பேரத்துக்கு இடம் வேண்டும்

சிட் மெயரின் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் படை திரட்டித்தான் ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. உலக நாடுகளின் ஓட்டை வாங்கியும் ஜெயிக்கலாம். அந்த ஓட்டு முறைதான் இன்னும் சரியாக அமையவில்லை.

2010-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஐ.நா. சபையைக் கட்டிய பின் வாக்கெடுப்பு. சின்னஞ்சிறு நகர அரசுகள் தங்கள் கூட்டாளிக்கே ஓட்டுப் போடும். கஜானாவில் தங்கத்தைச் சேர்த்துவைத்து, கடைசி நேரத்தில் அவற்றுக்கு அள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஓட்டுக்குக் காசு, அவ்வளவுதான்.

2013-ல் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ விரிவாக்கம் உலக மாமன்றத்தைக் கொண்டுவந்தது. தீர்மானங்களை ஆட்டக்காரர்களே முன்மொழிந்தார்கள். வாக்கெடுப்புக்கு வெகு முன்பே அவை எல்லோருக்கும் தெரிந்துவிடும். எதிராளியின் தலைநகரில் உங்கள் தூதர் இருந்தால், “இதை ஆதரித்து ஓட்டுப் போடு, இவ்வளவு தங்கம் தருகிறேன்” என்று பேசி முடிக்கலாம். பணம் அங்கேயும் பேசியது. ஆனால் அதை முறியடிக்க மற்றவர்களுக்கும் அவகாசம் இருந்தது.

2019-ல் ஆறாம் பதிப்புக்கு வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கம் ஓட்டின் விலையைத் திருத்தியது. முதல் ஓட்டு இலவசம். அடுத்ததற்கு 10 நல்லெண்ணப் புள்ளி (ராஜதந்திரத்துக்கான தனி நாணயம்), பிறகு 20, பிறகு 30. நான்கு ஓட்டுக்கு மொத்தம் 60. அள்ளி இறைப்பவருக்குக் கடிவாளம் போடும் அருமையான கணக்கு இது. ஆனால் பேச்சுவார்த்தை காணாமல் போனது. தீர்மானங்களை விளையாட்டே தேர்ந்தெடுக்கிறது. ஓட்டுக்காக யாரோடும் உடன்பாடு செய்ய முடியாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஓட்டு வழியில் ஜெயிக்கச் சேர்க்க வேண்டிய வெற்றிப் புள்ளி குறித்த தீர்மானம் வந்ததும், முன்னணியில் இருப்பவரின் 2 புள்ளியைப் பறிக்க மற்றவர்கள் திரள்கிறார்கள். ஜெயிக்கும் முடிவுக்கு ஓட்டுப் போட்டவருக்கு 1 புள்ளி பரிசு உண்டு. அதனால் முன்னணி ஆட்டக்காரரும் தனக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறார். இழப்பு ஒன்றாகக் குறைகிறதே! யாரையும் சமாதானப்படுத்த வழியில்லாதவர் வேறென்ன செய்வார்?

ஏறும் விலை அப்படியே இருக்கட்டும். தீர்மானத்தைப் பத்துச் சுற்றுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஓட்டு வாக்குறுதியை ஒப்பந்தமாக எழுத வேண்டும். வாக்குத் தவறினால் மனக்கசப்புப் புள்ளி ஏற வேண்டும். அப்படியொரு கணக்கு ஆறாம் பதிப்பில் ஏற்கெனவே இருக்கிறது.

2025-ல் ஏழாம் பதிப்பு வெளியானபோது அதில் உலக மாமன்றமே இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவருவதானால், விளையாட்டை உருவாக்கும் ஃபிராக்சிஸ் நிறுவனம் பேரத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.