தேஜஸ்: எஞ்சின் யார் பொறுப்பு?

இலகுரகப் போர் விமானம் ஒன்றை உருவாக்க 1983 ஆகஸ்டில் மத்திய அரசு 560 கோடி ரூபாய் ஒதுக்கியது. பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற விமானம் அது. விமானப் படை 1985-இல் கொடுத்த தேவைப் பட்டியலின்படி 220 விமானங்கள் வேண்டும். 1994-க்குள் அவை வரத் தொடங்க வேண்டும். முதல் ஸ்குவாட்ரன் அமைந்ததோ 2016 ஜூலையில். இரண்டு ஆண்டு கழித்து அது கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது.

இந்தத் தாமதத்துக்கு அரசு எந்திரத்தின் மெத்தனத்தைக் காரணம் சொல்வது வழக்கம். பொக்ரான் சோதனைக்குப் பின் 1998-இல் அமெரிக்கா விதித்த தடையையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் சிக்கல் அதற்கு முன்பே, திட்டத்தை வகுத்த விதத்திலேயே தொடங்கிவிட்டது.

எந்தத் திட்டத்துக்கும் முதலில் வரம்பு கட்ட வேண்டும். எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், எப்போது முடிப்போம் என்பதை எழுதிவைப்பதுதான் வரம்பு. நாட்டின் நீண்டகால இலக்கு ஒன்றுக்காக இப்படிப் பல திட்டங்களைச் சேர்த்துக் கட்டி மேய்ப்பது வேறு வேலை. அதற்குப் பெருந்திட்ட மேலாண்மை என்று பெயர். தேஜஸில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள்.

அரசு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் பார்த்தது. பழைய மிக்-21 விமானங்களுக்கு மாற்று வேண்டும். 1961-இல் முதன்முதலாகப் பறந்த உள்நாட்டு விமானமான மாருத்துக்குப் பிறகு அறுந்துபோன போர் விமான வடிவமைப்புத் திறனையும் மீட்க வேண்டும். முதலாவதற்குத் தேதிதான் உயிர். இரண்டாவது கற்றுக்கொள்ளும் வேலை. அதற்கு யாராலும் தேதி சொல்ல முடியாது. இரண்டும் மோதினால் எது முந்தி என்று யாரும் முடிவு செய்யவில்லை. கணினி வழி பறப்புக் கட்டுப்பாடு, கார்பன் கலவை உடல், ரேடார், எஞ்சின் எல்லாமே புதிதாக, ஒரே நேரத்தில், இங்கேயே என்று முடிவானது.

கற்கும் பக்கம் பலித்தது. பறப்புக் கட்டுப்பாட்டுப் பணியில் துணைநின்ற அமெரிக்க நிறுவனம் தடை வந்ததும் விலக, பெங்களூரு பொறியாளர்கள் மிச்சத்தைத் தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதிலிருந்து 2024 மார்ச் வரை ஒரு தேஜஸ்கூட விழவில்லை. உலகில் எந்த விமானத் திட்டமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய செய்தி இது.

தேதியின் பக்கம் கதை வேறு. நடுவில் விமானப் படை ஆர்-60 ஏவுகணைக்குப் பதில் ஆர்-73 வேண்டும் என்றது. வடிவமைப்பை மாற்ற வேண்டிவந்தது. வரம்பு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். கடைசியில் தேஜஸின் முதல் வடிவமான மார்க்-1 விமானத்துக்குத் தேவைப் பட்டியலிலிருந்து 53 சலுகைகள் தரப்பட்டிருப்பதை மத்திய தணிக்கைத் துறை 2015-இல் எடுத்துக்காட்டியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் எஞ்சின். தேஜஸுக்காக உள்நாட்டிலேயே உருவாக்கத் திட்டமிட்ட காவேரி எஞ்சினுக்கு 1989-இல் 382.81 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 1996 இறுதியில் முடிய வேண்டும். எடை கூடியது, தள்ளுவிசை போதவில்லை. (மாருத்தும் போதிய வலுவுள்ள எஞ்சின் இல்லாமல் நொண்டிய விமானம்தான்.) நல்லவேளையாக, சோதனை விமானங்களுக்கு அமெரிக்காவின் ஜிஇ-404 எஞ்சினைப் பொருத்தினார்கள். 2008-இல் காவேரியைத் தேஜஸிலிருந்து முறைப்படி கழற்றிவிட்டார்கள். தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது. ஒரு வேலையை ஒரு திட்டத்தின் வரம்பிலிருந்து வெளியே தள்ளினால், அதை எங்கே சேர்ப்பது என்பதைப் பெருந்திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் சொல்ல வேண்டும். தேஜஸுக்கு காவேரி தேவையில்லாமல் போயிருக்கலாம். நாட்டுக்குச் சொந்த எஞ்சின் தேவை அப்படியே இருந்தது. அதற்கு ஈடான பணமும் அவசரமும் காவேரிக்குக் கிடைக்கவில்லை. ஆளில்லா விமானத்துக்கான எஞ்சினாக அதன் ஆய்வு தொடர்கிறது.

விளைவு தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ விமானத்தில் தெரிந்தது. புதிய ரேடார், மின்னணுப் போர்க் கருவி, வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதி, எளிய பராமரிப்பு என்று இந்த முறை வரம்பை அளவாக வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் வர வேண்டும். அந்தத் தேதிக்கு ஓராண்டு கழித்துத்தான் அமெரிக்காவிலிருந்து முதல் எஞ்சினே வந்தது. மென்பொருள், ஆயுதச் சோதனைகளும் இழுத்தன என்றாலும், எஞ்சின் இல்லாமல் எதைப் பறக்கவிடுவது?

அடுத்து வரும் ஆம்கா போர் விமானத்துக்கு 2024 மார்ச்சில் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் ஜிஇ-414 எஞ்சினோடு பறக்கட்டும், புது எஞ்சின் பிறகு வரட்டும் என்று படி பிரித்திருப்பது தேஜஸில் கற்ற புத்தி. பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து அந்தப் புது எஞ்சினை உருவாக்குவோம் என்கிறது அரசு. அதற்கெனத் தனிப் பொறுப்பாளர், தனி நிதி, தனிக் காலக்கெடு உண்டா? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை இப்போதே எழுப்ப வேண்டும்.