பெயர் பெற்ற துறைமுகமும் பெயர் பெறாத மலையும்

பண்டம் ஒன்று அது விளைந்த மண்ணின் பெயராலேயே வழங்கப்பெறும் என நாம் எண்ணுவது இயல்பு. வாணிப வரலாற்றைச் சற்று நுணுகி நோக்குவோர்க்கோ வேறொரு செய்தி புலனாகும். விளைத்த மலையைவிட, ஏற்றி அனுப்பிய துறைமுகமே பல வேளைகளிற் பெயரைத் தனதாக்கிக் கொண்டிருக்கின்றது. யேமன் நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்த கோப்பி, மொக்கா என்னும் துறைமுகத்தின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அவ்வாறே, போர்த்துக்கல் நாட்டின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சை மது, அவ்வாறு கடலொடு கலக்கும் இடத்திலுள்ள போர்ட்டோ நகரின் பெயரைத் தாங்கிப் 'போர்ட்' என வழங்குகின்றது. நகரத்துக்கும் அம்மலைத் தோட்டங்களின் நடுவிடத்துக்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவு உண்டு.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்நகரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வழிகாட்டி ஒருவரைத் தமக்கென அமர்த்திக்கொண்டு, நகரைக் கால்நடையாகச் சுற்றி, இடையிடையே உள்ளூர் உணவையும் மதுவையும் சிறிது சிறிதாகச் சுவைத்துச் செல்லும் வழக்கம் அங்கே பரவியிருக்கின்றது. எனக்கு வாய்த்த வழிகாட்டி அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். முன்னர் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பித்தவர். நானும் ஆசிரியன் என்பதை அறிந்ததும் "சென்யோர் புரொபெசோர்" என்றே அழைக்கலானார். ஆசிரியரை அவ்வாறு விளிப்பது அந்நாட்டு மரபு.

"நான்கு மணி நேரத்தில் மூன்று சிறு கிண்ணங்கள், அதற்குமேல் ஊற்றமாட்டேன். மயங்கியவருக்கு வரலாறு சொல்லி என்ன பயன்?" என்று தொடக்கத்திலேயே நிபந்தனை விதித்தார். மதுவிலக்கில் நம்பிக்கை கொண்ட வாசகர்கள் இதனைக் கேட்டு ஓரளவு ஆறுதல் அடையலாம்.

சந்தையும் தவறணையும்

எங்கள் நடை மேட்டிலிருக்கும் பொல்யாவோ சந்தையில் தொடங்கிற்று. 1914ஆம் ஆண்டில் எழுந்த இச்சந்தைக் கட்டடம், நெடுநாள் திருத்த வேலைகளின் பின்னர் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. சோள மாவினாற் செய்த கனத்த பாண், உப்பிலிட்ட ஒலிவக் காய், பலகைபோல் விறைத்து அடுக்கப்பட்டிருந்த மீன் கருவாடு ஆகியவற்றை அங்கே கண்டேன். அக்கருவாட்டைப் 'பக்கல்யாவ்' என்பர். போர்த்துக்கேயரின் அன்றாட உணவாகிய இம்மீன் அவர்களின் கடலிற் பிடிபடுவதன்று. நோர்வேயை அடுத்த கடலிலும் நியூபவுண்ட்லாந்தின் குளிர்கடலிலும் பிடித்து, உப்பிட்டு உலர்த்தப்பட்டு வருவது. அதனை ஊறவைத்து, உருளைக்கிழங்குடன் பிசைந்து பொரித்த உருண்டைகளை உண்டபோது, நம் வீடுகளில் ரின் மீனிற் செய்யும் 'கட்லெற்' நினைவுக்கு வந்தது. முதற் கிண்ணத்தில் வந்தது வடபுலத்து வெள்ளை மது. அதன் பெயரின் பொருள் 'பச்சை மது' என்பது; நிறத்தைக் குறித்ததன்று, இளமையைக் குறித்த பெயர்.

அங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. கடைக்காரர் கிண்ணத்தைக் 'கோப்பு' என்றார். மூலையிலிருந்த மரக்கலனைப் 'பீப்பா' என்றார். உட்காரச் சொல்லிக் காட்டியது 'கதெய்ரா', எதிரேயிருந்தது 'மேசா'. யாழ்ப்பாணத்தில் நாம் கோப்பை என்கிறோம், பீப்பா என்கிறோம், கதிரை என்கிறோம், மேசை என்கிறோம். நம் வீட்டுக் குசினியும் விறாந்தையும் யன்னலும் அலுமாரியும், காலையில் உண்ணும் பாணும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல அம்மையார் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கள் விற்கும் இடத்தை நாங்கள் 'தவறணை' என்போம் என்றதும் அவர் எழுதுகோல் நின்றது. "தவேர்னா!" என்று வியந்தவர், "அப்படியானால் உங்களுக்குத் தவறணைக்காரரின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்" என்றார்.

1756இல், பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சர், டூரோ மதுவின் வாணிபத்தை ஒழுங்குபடுத்த அரச ஆதரவுள்ள கம்பனி ஒன்றை நிறுவினார். கலப்படத்தைத் தடுக்கவும், விலை வீழ்ச்சியை நிறுத்தவும், விளைநிலங்களுக்கு எல்லை வகுக்கவும் அக்கம்பனி முற்பட்டது. கருங்கற் தூண்கள் நாட்டி எல்லை குறிக்கப்பட்ட இந்நிலப்பரப்பு, சட்டத்தால் வரையறை செய்யப்பட்ட உலகின் முதல் மது விளைநிலங்களுள் ஒன்றாகும். ஆயினும் நகரில் மதுவைச் சில்லறையாக விற்கும் தனியுரிமையும் அக்கம்பனிக்கே அளிக்கப்பட்டது. பிழைப்பை இழந்த தவறணைக்காரரும் அவர்களோடு சேர்ந்த எளிய மக்களும் 1757 பெப்ரவரி 23ஆம் நாள், விபூதிப் புதனன்று, கிளர்ந்தெழுந்தனர். அரசு அதனை இராசத் துரோகமெனக் கொண்டு பலரைத் தூக்கிலிட்டது. "எங்கள் மதுவின் சிறப்பைக் காத்த சட்டமும் அதுதான், ஏழைகளின் கழுத்தில் விழுந்த கயிறும் அதுதான். இரண்டையும் சேர்த்தே மாணவருக்குக் கற்பித்தேன்" என்றார் அம்மையார்.

சுவரிலே இரு சித்திரங்கள்

சந்தையிலிருந்து இறங்கிச் சாவோ பெந்தோ புகையிரத நிலையத்தை அடைந்தோம். 1916இல் திறக்கப்பட்ட இந்நிலையத்தின் முன்மண்டபச் சுவர்களை ஏறக்குறைய 20,000 மெருகோடுகள் அணி செய்கின்றன. ஜோர்ஜ் கொலாசோ என்னும் ஓவியர் தீட்டிய நீலச் சித்திரங்கள் அவை. அவற்றுட் பெரியதொன்று, 1415இல் வட ஆபிரிக்காவின் செயுத்தா நகரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியதைக் காட்டுகின்றது. நடுவிலே கம்பீரமாக நிற்பவர் ஹென்றி இளவரசர். இதே போர்ட்டோ நகரில் 1394இற் பிறந்தவர்.

அப்படையெடுப்புக்கான கப்பல்கள் பல இந்நகரிலேயே ஆயத்தமாயின. அப்போது நகர மக்கள் தம்மிடமிருந்த நல்ல இறைச்சியை எல்லாம் உப்பிட்டுக் கப்பல்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய குடலையும் இரைப்பையையும் தாம் உண்டனர் என்பது மரபுக் கதை. இன்றும் இந்நகரத்தாரைத் 'திரிப்பெய்ரோ', அதாவது குடல் தின்போர், என அழைப்பர். அது வசையன்று, பெருமைப் பட்டம். அண்மையிலிருந்த ஒரு சிற்றுணவகத்தில் அவ்வுணவையே சுவைத்தேன். இரைப்பைத் துண்டுகளை வெள்ளை அவரை விதைகளுடனும் இறைச்சி வகைகளுடனும் நெடுநேரம் வேகவைத்துச் சோற்றுடன் பரிமாறுகின்றனர். உடன் வந்தது டூரோவின் சிவப்பு மது. அது இனிப்பற்றது, சற்றே துவர்ப்பானது.

உணவு சுவையாகவே இருந்தது. எனினும் அக்கதையைக் கேட்டபோது என் மனம் வேறு திசையில் ஓடிற்று. செயுத்தாவைப் போர்த்துக்கேயரின் கடல்கடந்த பேரரசின் முதற்படி என வரலாற்றாசிரியர் கூறுவர். 1415க்கும் அவர்கள் நம் தீவிற் கால்வைத்த 1505க்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகளே. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை அவர்களின் ஆட்சி நீடித்தது. அம்மையாரிடம் இதனைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தவர், "இறைச்சியைக் கொடுத்தவர்களுக்குக் கப்பல் எங்கே போய்ச் சேரும் என்பதை எவரும் சொல்லவில்லை" என்றார். பின்னர் என்னை மண்டபத்துக்கு மீண்டும் அழைத்துச் சென்று, இளவரசரின் பெருஞ்சித்திரத்தை விட்டுச் சிறிய சித்திரங்கள் சிலவற்றைச் சுட்டிக்காட்டினார். அவற்றிலே திராட்சை அறுவடையும், ஆற்றுவழியே மதுவைக் கொண்டுவரும் படகும் காணப்பட்டன. "என் பாட்டனும் பாட்டியும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றார்கள். பயணிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தையே படம் பிடிக்கின்றார்கள்" என்றார்.

ஆற்றுக்கு அப்பால்

ஆற்றங்கரையான ரிபெய்ராவை நோக்கி இறங்கும் வழியில், ஆங்கிலேய வணிகர் தமக்கெனக் கட்டிய கருங்கல் மாளிகையைக் கண்டோம். அது 1790இல் நிறைவுற்றது. பிரான்சுடன் பகை மூண்ட காலத்தில் ஆங்கிலேயர் போர்த்துக்கல்லின் மதுவை நாடினர். 1703இல் நிறைவேறிய மெதுவன் உடன்படிக்கை, ஆங்கிலக் கம்பளித் துணிக்குப் போர்த்துக்கல்லின் கதவைத் திறந்து, போர்த்துக்கேய மதுவுக்குப் பிரெஞ்சு மதுவைவிட மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வையை வழங்கியது. போர்ட் மதுச்சாலைகள் பலவற்றில் இன்றும் ஆங்கிலப் பெயர்கள் விளங்குவதன் காரணம் இதுவே.

இரு தட்டுகளையுடைய டொம் லூயிஸ் பாலம் 1886இல் திறக்கப்பட்டது. அதன் கீழ்த்தட்டால் நடந்து மறுகரையிலுள்ள கையாவை அடைந்தோம். மதுச்சாலைகள் நிற்பது இக்கரையிலேதான். போர்ட்டோ நகர எல்லைக்குள்ளே அல்ல. ஆகவே, பெயரைக் கொண்ட நகரம் அம்மதுவை விளைக்கவுமில்லை, பெரும்பாலும் வைத்து முதிர்விக்கவுமில்லை.

குளிர்ந்த இருளில் வரிசை வரிசையாகப் பீப்பாக்கள். திராட்சைச் சாறு புளித்து நொதிக்கும்போது அதன் இனிப்பு மெல்ல மெல்ல மதுசாரமாக மாறும். முழுவதும் மாறுமுன் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்தால் நொதித்தல் நின்றுவிடும், இனிப்பு எஞ்சும். 550 லீற்றர் கொள்ளும் ஒரு பீப்பாவில் ஏறக்குறைய 435 லீற்றர் சாறும் 115 லீற்றர் சாராயமும் சேர்வது மரபான அளவு. மூன்றாவது கிண்ணத்தில் வந்தது மரத்தில் நெடுங்காலம் கிடந்து சிவப்பு நிறம் மங்கி, தேன்நிறம் அடைந்த மது. வறுத்த பருப்பும் உலர்ந்த அத்திப்பழமும் கலந்தாற்போன்ற மணம். நாவிலே நெடுநேரம் நின்ற அதன் சுவையை மறுப்பது நன்றியின்மையாகும்.

அதனைச் சுவைத்தவாறே அம்மையார் தம் பாட்டனின் கதையைச் சொன்னார். டூரோ மலை முழுவதும் பாளம் பாளமாக உடையும் மாக்கல். அதனை உடைத்து, சுண்ணாம்பின்றிச் சுவர் எழுப்பி, படிகளாக மலையை வெட்டியவர்கள் கூலியாட்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலொக்சீரா என்னும் நுண்ணிய பூச்சி வேர்களை உறிஞ்சிக் கொடிகளை அழித்தபோது பல படிகள் கைவிடப்பட்டன. 'இறந்த நிலங்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் அவற்றுட் சில இன்றும் பாழாய்க் கிடக்கின்றன. அறுவடைக் காலத்தில் மலைக்கிராமங்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் கூட்டமாக நடந்துவருவர். பெண்கள் கொய்வர், ஆண்கள் பெருங்கூடைகளை முதுகிற் சுமந்து இறங்குவர். பகலெல்லாம் சுமந்தவர்கள், இரவிலே கருங்கல் தொட்டியிற் கைகோத்து வரிசையாக நின்று, முழங்காலுக்கு மேலே எழும் சாற்றில் மணிக்கணக்காக மிதிப்பர்.

"என் பாட்டன் முப்பது அறுவடைகளில் மிதித்தவர். இப்படியொரு முதிர்ந்த மதுவை அவர் வாழ்நாளில் ஒருமுறையும் குடித்ததில்லை" என்றார் அம்மையார். அவர் குரலிற் கோபம் இல்லை. மாணவர்க்கு ஓர் ஆண்டெண்ணைச் சொல்வதுபோலவே சொன்னார்.

1926 முதல் 1986 வரை, போர்ட் மது கையாவின் வழியாகவே நாட்டைவிட்டுச் செல்ல வேண்டும் என்பது சட்டம். மலையிலே சிறு தோட்டம் வைத்திருந்தவர் தம் பெயரில் ஒரு போத்தலைத்தானும் நேரே வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. 1986இல் அத்தடை நீங்கிய பின்னரே தோட்டங்களின் பெயர்கள் சில போத்தல்களில் எழுதப்படலாயின. போர்ட்டோவின் பழைய நகரை 1996இலும், டூரோ மலைப் படிகளை 2001இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. கோபுரங்களுக்குக் கிடைத்த மதிப்பு, கற்சுவர் கட்டிய கூலியாளின் கைவேலைக்கும் ஐந்தாண்டுகள் கழித்தேனும் கிட்டியது.

இக்கதையைக் கேட்கும் ஈழத்து வாசகர் மனத்தில் ஓர் எதிரொலி எழாதிராது. நம் நாடு 1972இல் 'சிலோன்' என்னும் பெயரை நீக்கிய பின்னரும், நம் தேயிலை அப்பெயரோடுதான் உலகச் சந்தையில் உலவுகின்றது. அத்தேயிலையைக் கொய்த மலையகத் தமிழ் மக்களுட் பெரும்பாலோரையோ, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அந்நாட்டின் மக்களாக ஏற்க மறுத்தது. அவர்கள் கைபட்ட இலை நாட்டின் பெயரைப் பெற்றது, அவர்கள் பெறவில்லை. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. டூரோவின் கூலியாள் தன் நாட்டிலே வறியவனாய் இருந்தான். நம் கூலியாளுக்கோ நாடே இல்லாதிருந்தது. இரண்டும் ஒன்றெனச் சொல்லுவது பொருந்தாது. ஆனால், பண்டத்தின் புகழும் அதனை ஆக்கியவரின் புகழும் வெவ்வேறு பாதையில் நடப்பதை இரண்டும் காட்டுகின்றன.

உணவையும் மதுவையும் சுவைத்து நகரைக் காண்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும் உளர். வெறும் நாவோடு செல்வோர்க்கு அவ்வாறே அமையலாம். ஆயினும் ஒரு கவளத்தை முன்வைத்து, இது எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார், யார் விற்றார், யார் பெயர் எழுதப்பட்டது என்று நான்கு கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்க்கு அதுவே ஒரு வரலாற்றுப் பாடம். இதற்குப் போர்ட்டோவரை செல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. நாளைக் காலை நம் வகுப்பறையில் ஒரு தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்து, அந்த நான்கு கேள்விகளையும் மாணவரிடம் கேட்கலாம். கோப்பை என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம்.