எடையை வைத்து ஊரைச் சொல்லும் நீர்

ஒரு குடம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு, மற்றவற்றைவிடக் கனமானவை. அவற்றின் ஆக்சிஜன் அணுக்கருவில் வழக்கமான 8 நியூட்ரான்களுக்குப் பதில் 10 இருக்கின்றன. ஒரே தனிமத்தின் எடை மாறிய இந்த வடிவங்களே ஐசோடோப்புகள். கார்பன்-14 கதிரியக்கத்தால் தேய்ந்துபோகும். ஆனால் வழக்கமான ஆக்சிஜன்-16, கனமான ஆக்சிஜன்-18 ஆகியவை எத்தனை கோடி ஆண்டு கழிந்தாலும் அப்படியே இருக்கும். அதனால் இவை நிலைத்த ஐசோடோப்புகள். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், கந்தகம் ஆகியவற்றுக்கும் இத்தகைய வடிவங்கள் உண்டு.

கனமான மூலக்கூறு சற்று மந்தமானது. நீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு மேலே போகிறது. ஆவி குளிர்ந்து மழையாகும்போது கனமானது முதலில் இறங்குகிறது. இந்தப் பாகுபாடு மிகச் சிறியது. ஆகவே நிறை நிறமாலைமானி என்ற கருவியில் அளந்து, ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுகிறது, எத்தனை குறைகிறது என்று குறிக்கிறார்கள். இதற்கு டெல்டா மதிப்பு என்று பெயர். நீருக்குக் கடல்நீரே பூஜ்ஜியம்.

1952 ஜூன் மாதத்தில் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்ற இயற்பியலாளர், காலி பீர் பாட்டிலில் ஒரு புனலைச் செருகி வீட்டுப் புல்தரையில் வைத்தார். பெய்யும் மழையை நேர வரிசையில் பிரித்துச் சேகரித்து, கையில் கிடைத்த கருவியில் அளந்தார். உயரமான, குளிர்ந்த மேகத்திலிருந்து வந்த மழை லேசாக இருந்தது. தாழ்ந்த, வெதுவெதுப்பான மேகத்தின் மழை கனமாக இருந்தது. மழைநீரின் எடைக்குள் மேகத்தின் குளிர் பதிந்திருக்கிறது என்பது அன்று தெரிந்தது. ஆண்டாண்டாகப் பெய்த பனி அடுக்கடுக்காக உறைந்து கிடக்கும் இடத்தில் இதையே அளந்தால், பழைய காலத்தின் வெப்பநிலையைப் படிக்கலாம் அல்லவா? கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1966இல் துளைத்தெடுத்த ஏறத்தாழ 1,390 மீட்டர் நீளப் பனித்தூணில் அவர் குழு அதைத்தான் செய்தது. அண்டார்க்டிகாவின் டோம் சி பனித்தூண் பின்னர் 8 லட்சம் ஆண்டு வரலாற்றைக் கொடுத்தது.

கடலில் கிளம்பிய மேகம் நிலத்துக்குள் போகப் போக, மலை ஏற ஏற, கனமான நீரை வழியிலேயே உதிர்த்துவிடுகிறது. கரையோர மழையைவிட உள்நாட்டு மழை லேசாக இருப்பதும், துருவப் பனி எல்லாவற்றையும்விட லேசாக இருப்பதும் இதனால்தான். தமிழகக் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை தென்மேற்குப் பருவமழையைவிட ஆக்சிஜன்-18 குறைந்தது. ஆகவே கிணற்றுநீர் எந்தப் பருவத்து மழையால் ஊறியது என்று கண்டறிய வழி உண்டு. ஹார்மன் கிரெய்க் 1961இல் கண்ட உறவு இன்னும் கூர்மையானது. உலகெங்கும் மழையில் ஹைட்ரஜனின் டெல்டா மதிப்பு, ஆக்சிஜன் மதிப்பின் 8 மடங்கோடு 10 சேர்ந்ததாக இருக்கிறது. வரைந்தால் ஒரே நேர்கோடு. ஏரியில் வெயிலில் கிடந்து ஆவியான நீர் இந்தக் கோட்டை விட்டு விலகிவிடும். பக்கத்துக் கிணற்றில் இருப்பது நேரே இறங்கிய மழையா, ஏரியிலிருந்து கசிந்ததா என்ற கேள்விக்கு அந்த விலகலில் விடை கிடைக்கிறது. நீர்வளம் பற்றிப் பேசும் இடத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனைகள் குறைவு.

பாறையில் இந்த வழியைத் திறந்தவர் ஹெரால்ட் யூரி. ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் பரிசு பெற்றவர். கடலில் சுண்ணாம்பு ஓடு உருவாகும்போது அதில் சேரும் ஆக்சிஜன்-18இன் பங்கு நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரி ஏறினால் ஆயிரத்துக்கு 0.2 அளவு குறையும். சிகாகோவில் அவர் குழு ஜுராசிக் காலப் பெலம்னைட் ஒன்றை எடுத்துக்கொண்டது. கணவாயின் அழிந்துபோன உறவினம் அது. சுருட்டு வடிவில் கல்லாகிக் கிடப்பது அதன் உள்ளோடு. குறுக்கே வெட்டினால் மரத்தைப் போல வளையங்கள் தெரியும். வளையம் வளையமாகச் சுரண்டி அளந்ததில் வெப்பநிலை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. இளமைக்குப் பிறகு மூன்று கோடைகளும் நான்கு குளிர்காலங்களும் கண்டு, ஏறத்தாழ நான்கு வயதில், ஒரு வசந்தத்தில் அந்த உயிர் இறந்திருக்கிறது என்று 1951இல் அவர்கள் எழுதினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஒரு கடல்பிராணியின் சாவுப் பருவத்தைச் சொல்ல முடிந்தது அறிவியலின் பெரிய சாதனைதான். தென் கரோலினாவில் கிடைத்த இன்னொரு பெலம்னைட்டே கார்பனுக்கான பூஜ்ஜிய அளவுகோலும் ஆயிற்று. அந்தக் கல் தீர்ந்துபோய்விட்டது. அளவுகோல் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஓட்டின் எண்ணை அப்படியே வெப்பமாக மாற்றிவிடக் கூடாது. பனியுகத்தில் லேசான நீர் பனிப்பாளங்களில் சிறைப்படுவதால் கடல்நீரே கனமாகிவிடும். செசாரே எமிலியானி 1955இல் கடலடிப் படிவில் கிடைத்த நுண்ணுயிர் ஓடுகளில் வெப்ப ஏற்ற இறக்கமாகக் கண்டதில் பெரும்பகுதி உண்மையில் பனியின் அளவைத்தான் காட்டுகிறது என்று நிக்கோலஸ் ஷாக்கிள்டன் 1967இல் வாதிட்டார்.

இன்னும் பழைய பாறைகளில் கந்தகம் பேசுகிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் கந்தக ஐசோடோப்புகள் எடைக் கணக்குக்கு ஒத்துவராத விகிதத்தில் இருப்பதை ஜேம்ஸ் ஃபார்க்கரும் சக ஆய்வாளர்களும் 2000இல் காட்டினார்கள். ஓசோன் மறைப்பு இல்லாமல் புறஊதாக் கதிர் காற்றுக்குள் இறங்கினால்தான் அப்படி நேரும். காற்றில் ஆக்சிஜன் அனேகமாக இல்லாத பூமிக்கு இது வலுவான சான்று.

உயிரினங்களில் கார்பனே முதல் சாட்சி. நெல், கோதுமை, பெரும்பாலான மரங்கள் ஒரு வகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கம்பு, கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், கரும்பு வேறு வகையில். முதல் வகையின் டெல்டா மதிப்பு சுமார் -27, இரண்டாவது வகைக்குச் சுமார் -13. உண்டவரின் எலும்பில் இந்த இடைவெளி தங்கிவிடுகிறது. வட அமெரிக்கப் பழங்குடிகள் மக்காச்சோளத்துக்கு மாறியதை எலும்பிலிருந்தே 1977இல் காட்டினார்கள். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்தால் பிடிபடுவதும் இதே கணக்கில்தான். அரிசியிலிருந்து செய்த பாகு கலந்தால் இந்தச் சோதனை கோட்டைவிடும். நெல்லும் பூச்செடிகளும் ஒரே வகை.

நைட்ரஜன் உணவுச் சங்கிலியில் ஒருவரின் படியைச் சொல்கிறது. ஒவ்வொரு படிக்கும் நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு 3 முதல் 4 வரை ஏறும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, தாயின் உடலையே உண்பதால், தாயைவிட ஒரு படி மேலே நிற்கிறது. பல் முகட்டிலிருந்து வேர் நோக்கி வளர்வதால், பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த பல்லை மெல்லிய துண்டுகளாக நறுக்கி வரிசையாக அளக்கிறார்கள். முகட்டுப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் எண், கீழே வரவர இறங்குகிறது. அது இறங்கத் தொடங்கும் துண்டுதான், அந்தக் குழந்தைக்கு வேறு உணவு ஊட்டத் தொடங்கிய காலம்.