கீறிட்ட இடங்களை நிரப்புக!
ஆங்கிலப் பரீட்சையில் எம் பிள்ளைகளை இடறவைக்கும் சிறு சொற்கள்

லா சப்பல் கடைத்தெருவிலிருந்து கார் து நோர் புகையிரத நிலையம் கூப்பிடு தொலைவிலேயே உள்ளது. அங்கிருந்து 1994ஆம் ஆண்டு முதல் இலண்டனுக்குப் புகையிரதம் ஓடுகின்றது. பயணம் ஏறத்தாழ இரண்டேகால் மணித்தியாலம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற எம்மவர் பலர் முன்னர் இவ்வழியே சென்று பிரித்தானியாவில் குடியமர்ந்தனர். 2021 சனவரி முதலாம் நாளுடன் அக்கதவு சாத்தப்பட்டது. இன்று பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உடையவரும் அங்கு தொழில்புரிய விசா பெறவேண்டும். திறன்சார் தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போரிடம் கோரப்படும் ஆங்கிலத் தகுதி 2026 சனவரி 8 முதல் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்தப்பட்டுள்ளது. அக்கரையில் இருக்கும் உறவுகளுக்கு அருகே வாழ விரும்பும் இளையோர்க்கு ஆங்கிலப் பரீட்சை இன்று கடவுச்சீட்டுக்கு நிகரானதாகிவிட்டது.

ஊரில் க.பொ.த. சாதாரண தரம் எழுதிய பெற்றோர் எவரும் ‘கீறிட்ட இடங்களை நிரப்புக’ என்ற கட்டளையை மறந்திருக்கமாட்டார்கள். 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர், ஒரு பந்தியிலிருந்து குறித்த இடைவெளிகளில் சொற்களை நீக்கி, வாசகர் அவற்றை எவ்வளவு சரியாக ஊகிக்கின்றனர் என்று பார்க்கும் முறையை வகுத்தார். எழுத்து எளிதில் விளங்குமா என்று அளப்பதே அவர் நோக்கம். பின்னர் அது மொழிப் பரீட்சைகளிலும் புகுந்தது.

இருவகை இடைவெளிகள்

ஐயெல்ட்ஸ் வாசிப்புத் தாளில் 60 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அங்கு சுருக்கத்தை நிரப்பும் வினாக்களில், பெரும்பாலும் விடைச்சொல்லைப் பந்தியிலிருந்தே எடுத்தெழுத வேண்டும். ‘இரு சொற்களுக்கு மேற்படாமல்’ என்று கேட்டிருக்க மூன்று சொற்கள் எழுதினால் புள்ளி இல்லை. எழுத்துப் பிழைக்கும் புள்ளி போய்விடும்.

கேம்பிறிட்ஜ் பி2 ஃபெர்ஸ்ட் பரீட்சை வேறுவகை. அதன் முதற் பகுதியில் எட்டு இடைவெளிகள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள். இரண்டாம் பகுதியிலும் எட்டு இடைவெளிகள், தெரிவுகள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சொல் மட்டுமே எழுதலாம். அங்கு நீக்கப்படுபவை பெரும்பாலும் ‘இன்’, ‘ஒன்’, ‘த’ போன்ற சிறு சொற்களே. பெரிய சொற்களை மனனம் செய்த பிள்ளை இடறுவது இங்கேதான்.

விசாவுக்கு எந்தப் பரீட்சையின் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிசெய்தல் அவசியம்.

பிரெஞ்சு இழுக்கும், தமிழ் தாங்கும்

பாரிஸில் படிக்கும் பிள்ளை ஆங்கில இடைவெளியைப் பிரெஞ்சுச் சிந்தனையால் நிரப்புகின்றது. பிரெஞ்சில் ‘பாசே’ என்றால் பரீட்சைக்குத் தோற்றுதல். ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்றால் சித்தியெய்துதல். கணிதத்தில் ஆர்வம் என்பதற்குப் பிரெஞ்சு ‘பார்’ என்னும் சொல்லைச் சேர்ப்பதால், பிள்ளை ஆங்கிலத்தில் ‘பை’ என்று எழுதுகின்றது. சரியான சொல் ‘இன்’. ‘கணிதத்தில்’ என்ற தமிழ்ச் சொல்லின் ‘இல்’ உருபை நினைத்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

‘பத்து ஆண்டுகளாக வாழ்கிறேன்’, ‘2015இலிருந்து வாழ்கிறேன்’ ஆகிய இரண்டுக்கும் பிரெஞ்சில் ‘தெப்புவி’ என்ற ஒரே சொல். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஃபோர்’, பின்னதற்கு ‘சின்ஸ்’. தமிழோ ‘ஆக’, ‘இலிருந்து’ என்று இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகின்றது.

எல்லா இடத்திலும் தமிழ் துணைவராது. ‘த’ என்னும் சுட்டுக்குத் தமிழில் நிகர் இல்லை. பிரெஞ்சில் உண்டு, ஆனால் அது வேண்டாத இடத்திலும் வந்து நிற்கும். வாழ்க்கையைப் பொதுவாகக் குறிக்கும்போது பிரெஞ்சு ‘லா வீ’ என்னும். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ‘த’ சேராது. இவற்றைத் தனியே பழகவேண்டும்.

செய்யவேண்டியவை

முதலில் எதையும் நிரப்பாமல் பந்தி முழுவதையும் வாசிக்க வேண்டும். அடுத்து, இடைவெளியின் இருபுறமும் நோக்கி, அங்கு வரவேண்டியது பெயரா, வினையா, இணைப்புச் சொல்லா என்று தீர்மானிக்க வேண்டும். ஒருமை பன்மையும் காலமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிரப்பியபின் வசனத்தை மீண்டும் வாசித்தல் கட்டாயம். ஒரு ‘நொட்’ விடுபட்டால் பொருளே தலைகீழாகும். இவ்விரு பரீட்சைகளிலும் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எந்த இடத்தையும் வெறுமையாக விடலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?’ என்று ஒதுங்கவேண்டாம். பிள்ளையின் பாடநூலில் ஒரு பந்தியைப் பிரதி எடுத்து, ஏழாவது சொல் தோறும் மை தடவி மறையுங்கள். பிள்ளை நிரப்பியதும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களில், ‘ஏன் இந்தச் சொல்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழிலேயே விளக்கம் சொல்லச் செய்யுங்கள். ‘ஆண்டுகளாக’ என்பதையும் ‘ஆண்டிலிருந்து’ என்பதையும் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் அவ்விடைவெளி தடையாக இராது. அந்த அறிவை வீட்டில் கொடுக்கக்கூடியவர்கள் நீங்களே.