எண்ணெய் மிதக்கும், அதன் விஷம் கரையும்

"எண்ணெய் மேலதானே மிதக்குது? மீன் கீழ நீந்துது. அதுக்கு என்ன ஆகும்?" நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் சமையல் எண்ணெய் தண்ணீரில் கரையாதுதான். கச்சா எண்ணெயின் கதை வேறு.

2010 மே 25ஆம் தேதி, சிங்கப்பூர் நீரிணையில் 'புங்கா கெலானா 3' என்ற எண்ணெய்க் கப்பல் சரக்குக் கப்பலுடன் மோதியது. ஏறத்தாழ 2,500 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. சாங்கி கரைவரை வந்த கறுப்புப் படலம் எல்லார் கண்ணிலும் பட்டது. கண்ணில் படாமல் தண்ணீருக்குள் போனதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

கச்சா எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள மெழுகும் தாரும் கரையாது. பென்சீன் கரையும், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.8 கிராம்வரை. ஆனால் நம் வெயிலுக்கு அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கசிவின்போது மூக்கைத் துளைக்கும் வாடையில் அதற்கும் பங்குண்டு.

தொல்லை தருபவை அதைவிடக் கொஞ்சம் கனமானவை. பாச்சை உருண்டையில் இருந்த நாப்தலீன், அதன் உறவுக்காரரான பினாந்திரீன் போன்றவை. இவை கரைவது மிகக் கொஞ்சம், ஆவியாகவும் அவசரப்படாது. அலை அடிக்க அடிக்க எண்ணெய் சிறு துளிகளாக உடையும். துளி சிறுக்கச் சிறுக்க, தண்ணீரைத் தொடும் பரப்பு கூடும், கரைவதும் கூடும்.

அந்தக் கொஞ்சமே மீன் முட்டைக்குப் போதும். 1989இல் அலாஸ்காவில் 'எக்சோன் வால்டெஸ்' கப்பல் தரைதட்டிய பிறகு, விஞ்ஞானிகள் சால்மன், ஹெர்ரிங் முட்டைகளை ஆராய்ந்தார்கள். நூறு கோடியில் சில பங்கு அளவிலேயே கருவின் வளர்ச்சி கெட்டது. முட்டைக்குள் உருவாகும் இதயம்தான் முதலில் அடிவாங்குகிறது. அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். பிழைத்துக்கொள்ளும் குஞ்சு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் வளர்ந்தபின் வேகமாக நீந்த முடியாது. துரத்திவரும் பெரிய மீனுக்கு அது போதாதா?

வளர்ந்த மீனின் கல்லீரல் இந்த நச்சை ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். சிப்பிக்கும் கெராங்குக்கும் அந்தத் திறமை குறைவு. நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. நச்சும் உடம்பிலேயே தங்கும். சுத்தமான நீரில் கிடந்தால் அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். கசிவுச் செய்தி வந்தால், என் வீட்டுச் சந்தைப் பட்டியலில் முதலில் அடிபடுவது கெராங்தான்.