ஹார்மோனிக்காவில் நாட்டுப்புறப் பாடல்கள்: பயிற்சி நூல்களைத் தெரிவு செய்தல்

மௌத் ஆர்கன் என்னும் பெயரால் தமிழர் நன்கறிந்த ஹார்மோனிக்கா விலை குறைந்தது. சட்டைப் பையில் அடங்குவது. நாட்டுப்புறப் பாடல்களை வாசித்துப் பழக எளிய கருவி என்றும் அது கருதப்படுகிறது. ஆயினும் ஆர்வத்தோடு தொடங்குவோர் விரைவில் அதனைக் கைவிடுவதுண்டு. அதற்குத் திறமைக் குறைவைக் காட்டிலும், கையிலுள்ள பாடல் நூல் கருவியின் இயல்புக்குப் பொருந்தாமையே பலவேளைகளில் காரணமாகிறது. இத்தகைய நூலைத் தெரிவு செய்யுமுன் நோக்க வேண்டியவற்றை, ஆங்கில, அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விடுபட்ட சுரங்கள்

நாட்டுப்புற இசையில் பெரிதும் வழங்குவது பத்துத் துளைகள் கொண்ட டயட்டானிக் வகையாகும். ஹோனர் நிறுவனம் 1896இல் அறிமுகப்படுத்திய ‘மரீன் பேண்ட்’ இவ்வகையினது. ஒரு துளையில் ஊதினால் ஒரு சுரமும் உறிஞ்சினால் வேறொரு சுரமும் எழும். நம் சுரப்பெயர்களால் கூறின், நான்காம் துளை முதல் ஏழாம் துளை வரை சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேல் சட்ஜமும் முழுமையாகக் கிடைக்கும். முதல் மூன்று துளைகளிலோ ம, த இரண்டும் இல்லை. மேல் ஸ்தாயியில் நி இல்லை. கீழ்த்துளைகள் ஒத்திசைக் கூட்டொலிக்கு உகந்தவாறு அமைக்கப்பட்டமையே கீழ் ஸ்தாயிக் குறைக்குக் காரணம். காற்றோட்டத்தை வளைத்து இவற்றை வருவிக்கும் நுட்பம் உண்டு. ஆனால் அது தொடக்கநிலையாளருக்கு உரியதன்று.

ஆகவே நூலில் முதற்கண் பார்க்க வேண்டியது பாடல்களின் எண்ணிக்கையன்று. ஒவ்வொரு பாடலும் எத்துளைகளில் அமைக்கப்பட்டுள்ளது என்பதே. ‘அமேசிங் கிரேஸ்’ இதற்குத் தக்க சான்று. அதன் மெட்டு ஐந்து சுரங்களால் ஆனது. ஆதார சட்ஜத்துக்குக் கீழுள்ள ப, த ஆகியவற்றையும் தொடுவது. நான்காம் துளையைச் சட்ஜமாகக் கொண்டு அதனை அச்சிட்ட நூல், மூன்றாம் துளையில் இல்லாத தைவதத்தைக் கேட்கும். ஏழாம் துளையைச் சட்ஜமாகக் கொண்ட நூலிலோ ஆறு முதல் ஒன்பது வரையிலான துளைகளில் பாடல் முழுவதும் தடையின்றி அமையும். இப்பாடல் உள்ள பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாலே, நூலாசிரியர் யாரை மனத்திற்கொண்டு எழுதினார் என்பது விளங்கிவிடும்.

ஸ்டீபன் ஃபோஸ்டர் இயற்றி 1848இல் வெளிவந்த ‘ஓ சூசன்னா’ பல நூல்களில் முன்னணியில் இடம்பெறுவதும் இக்காரணத்தாலேயே. நான்கு முதல் ஆறு வரையிலான மூன்று துளைகளுக்குள் அது முடிந்துவிடுகிறது. (வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவராக நடித்த மேடை மரபுக்கு உரிய பாடல் அது. அதன் இழிவுரை கொண்ட பகுதியைப் பயிற்சி நூல்கள் ஓசையின்றி நீக்கிவிடுகின்றன. ஒரு குறிப்பேனும் தந்திருக்கலாம்.)

சட்ஜத்தை ஆதாரமாகக் கொள்ளாத பாடல்களும் உள. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ மெட்டு, ரிஷபத்தை ஆதாரமாக்கிக் கிரகபேதம் செய்தால் தோன்றும் கரகரப்பிரியாவின் சுரங்களில் அடங்கும். நான்காம் துளையை உறிஞ்சித் தொடங்கினால் விடுபடும் சுரம் ஒன்றுமில்லை. இதனை ஒரு வரியிலேனும் விளக்கும் நூல் ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும்.

குறியீடுகள்

துளை எண்களை மட்டும் தரும் நூல்கள் மிகுதி. உறிஞ்சுதலைச் சில நூல்கள் அம்புக்குறியாலும், சில கழித்தல் குறியாலும், சில எண்ணைச் சுற்றிய வட்டத்தாலும் காட்டும். இவ்வெண்கள் எங்கு வாய் வைப்பது என்று கூறுமேயன்றி, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று கூறா. மெட்டை முன்பே அறிந்தவருக்கே அவை உதவும். ஐந்துகோட்டுக் குறியீட்டையும் துளை எண்களையும் ஒருங்கே தரும் நூலே ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சீன இசை நூல்களில் பெருவழக்கான எண் சுரக்குறியீடு வேறு. அதில் 4 என்பது மத்திமம். துளைக் குறியீட்டிலோ 4 என்பது நான்காம் துளை, ஊதினால் சட்ஜம். இரண்டையும் மயங்கிக் கொள்ளும் மாணவர் முதற்பாடலிலேயே தடுமாறுவர். எனினும் கால அளவையும் ஸ்தாயியையும் காட்டுவதால், சரிகம எழுதிப் பழகியவர்க்கு எண் சுரக்குறியீடு அணுக்கமானது. ஒரு சுரத்துக்கு இரு நாவுகள் அதிரும் டிரமலோ வகைக்கான நூலைப் பத்துத் துளைக் கருவிக்குப் பயன்படுத்தலாகாது. துளை எண்கள் முற்றிலும் மாறுபடும்.

தொகுப்பு நூல்கள்

பயிற்சி நூலைக் கடந்தவர்க்கு மூலத் தொகுப்புகளே துணை. செசில் ஷார்ப்பும் ஆலிவ் டேம் கேம்பலும் 1917இல் வெளியிட்ட அப்பலேச்சிய மலைப்பாடல் தொகுப்பில் 122 பாடல்களும் 323 மெட்டுகளும் உள்ளன. மோட் கார்ப்பலீஸ் பதிப்பித்த 1932ஆம் ஆண்டின் விரிவாக்கத்தில் 274 பாடல்களுக்கு 968 மெட்டுகள். ஒரே பாடலைப் பலர் பலவாறு பாடியதைத் தனித்தனியே பதிந்தமையால் விளைந்த எண்ணிக்கை இது. பக்கவாத்தியம் சேர்க்காது மெட்டை மட்டும் தந்தமையும், ஐந்து அல்லது ஆறு சுர மெட்டுகள் மிகுந்திருத்தலும் ஹார்மோனிக்காவுக்கு வாய்ப்பானவை. மோகனத்தின் ஐந்து சுரங்களில் அமைந்த மெட்டு, கருவியில் விடுபட்ட மத்திமத்தையும் மேல் நிஷாதத்தையும் கேட்பதேயில்லை.

இதற்கு மாறாக, 1988இல் வெளிவந்த ‘ரைஸ் அப் சிங்கிங்’ ஏறத்தாழ 1200 பாடல்களின் சொற்களையும் கித்தார் கூட்டொலிக் குறிப்புகளையும் தருகிறது, மெட்டுகளைத் தருவதில்லை. கூடிப் பாடுவோர்க்கு அது கருவூலம். தனித்துக் கற்பவர்க்குப் பயன் குறைவு. தமிழில் சொற்களை மட்டும் அச்சிட்டு, இன்ன பாடலின் மெட்டு என்று தலைப்பில் குறித்த பாட்டுப் புத்தகங்களின் நிலையும் இதுவே. நம் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளுள் பெரும்பாலானவை அக்குறிப்பையும் தருவதில்லை. தாலாட்டையோ நடவுப் பாடலையோ ஹார்மோனிக்காவில் வாசிக்க விரும்பும் மாணவரிடம் எடுத்துக் கொடுக்க, ஷார்ப் தொகுத்ததை ஒத்த நூல் நம் கைவசம் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு ஆசிரியரே சுரப்படுத்தித் தரவேண்டியுள்ளது. பாடத் தெரிந்த மூதாட்டியர் நம்மிடையே இருக்கும்போதே செய்தற்குரிய பணி அது.