சிறுகோள்களின் பெயர்கள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான பாறைகள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றைச் சிறுகோள்கள் என்பர். அவற்றுள் முதலாவதை 1801 ஜனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் பாதிரியார் கண்டறிந்தார். உரோமானியரின் வேளாண் தெய்வமாகிய சீரிஸின் பெயரை அதற்குச் சூட்டினார்; தம் மன்னர் பெர்டினாண்டின் பெயரையும் உடன் சேர்த்தார். பிற நாட்டு அறிஞர்கள் மன்னர் பெயரை ஏற்கவில்லை; தெய்வத்தின் பெயர் மட்டும் நிலைத்தது. (இன்று சீரிஸைக் குறுங்கோள் என வகைப்படுத்துவர்.)

அடுத்துக் கண்ட பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவையும் தெய்வப் பெயர்களே. எண்ணிக்கை பெருகவே, இடப்பெயர்களும் மாந்தர் பெயர்களும் சேர்ந்தன. 1861இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலால், அது 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. 1988இல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் கண்டறியப்பட்ட ஒன்று, கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்குகிறது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயரிலும் ஒன்று உண்டு.

நம் மரபுச் சோதிடம் நவக்கிரகங்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். மேலைநாட்டுச் சோதிடர் சிலரோ, 1970களில் சிறுகோள்களையும் ஜாதகத்தில் சேர்க்கலாயினர். ஒருவர் பிறந்தபோது சீரிஸ் நின்ற இராசி உணவையும் தாயன்பையும் காட்டும் என்பர். ஜூனோ திருமணத் தெய்வம் ஆதலால், அது நின்ற இராசி இல்லறத்தைக் காட்டும் என்பர். இப்பலன்கள் பாறையை ஆராய்ந்து பெற்றவை அல்ல. பெயரோடு வந்த பழங்கதையிலிருந்து பெற்றவை. பியாசி விரும்பிய மன்னர் பெயர் மட்டும் நிலைத்திருந்தால், அதே பாறைக்கு என்ன பலன் கூறியிருப்பர்? இராமானுசன் சிறுகோள் நின்ற இராசியைக் கொண்டு உங்கள் கணித மதிப்பெண்ணைச் சொல்லிவிட இயலுமா? வகுப்பில் கலந்து பேசுக.